ஓரத்தில் கலங்கும் படம்

மிரர்லெஸ் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். வீட்டில் என்னென்ன லென்ஸ் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றிரண்டு இருப்பதாகச் சொன்னால் பேச்சு நீண்டுவிடும்.

எஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடியை மிரர்லெஸ்ஸில் எடுத்துவிட்டதால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இருந்த தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. இருந்தது, இசட் மவுண்டில் 16 ஆனது. கேனன் 44லிருந்து 20க்கு வந்தது. சோனி இ மவுண்டில் 18தான். மிச்சமான இடத்தில் வெறும் உலோகக் குழாய் ஒன்றைச் செருகினால் போதும், ஏறக்குறைய எந்தக் காலத்து லென்ஸும் உட்கார்ந்துவிடும். அந்தக் குழாய்தான் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது என்பதால் படத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

மலிவு அடாப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே மயிரிழை குட்டையாகக் கடைகிறார்கள். நீளம் கூடிவிட்டால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். குட்டையாக இருந்தால் இன்ஃபினிட்டி குறிக்குக் கொஞ்சம் முன்பே மலை தெளிந்துவிடும், அவ்வளவுதான். 50 மி.மீ. லென்ஸில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நிக்கோர் 28 மி.மீ. எஃப்2.8 ஏஐ-எஸ் மாதிரியான லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப உள்ளே இருக்கும் கண்ணாடிக் கூட்டங்களின் இடைவெளியும் மாறும். வளையம் தவறான தூரத்தில் நின்றால் அந்த இடைவெளியும் தவறாகிவிடும். நடு ஷார்ப்பாக இருக்கும், மூலைகள் இளகிவிடும். பழி லென்ஸ் மேல் விழும்.

இன்னொரு கோளாறு, அடாப்டரின் இரண்டு முகங்களும் சமமாக இல்லாமல் போவது. இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வந்தால், அதே அடாப்டரில் வேறொரு லென்ஸை மாட்டி, தூரத்துக் கட்டட வரிசை ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதே ஓரம் மறுபடி மங்கினால் லென்ஸ் நிரபராதி.

எனக்கு ரொம்பப் பிடித்த விநோதம் ஒன்று உண்டு. லைக்கா எம் மவுண்டின் தூரம் 27.8 மி.மீ. அதுபோன்ற, ஆடும் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான பழைய வைடு லென்ஸ்களின் பின்பக்கம் படச்சுருளை ஒட்டியே நிற்கும். மூலைகளில் ஒளி நன்றாகச் சாய்ந்து விழும். சுருளுக்கு முன்னால் எதுவும் இல்லாததால் அன்று அது தொந்தரவாக இல்லை. சென்சாருக்கு முன்னால் ஃபில்டர் கண்ணாடி இருக்கிறது. சாய்ந்து வரும் ஒளி அதற்குள் விலகி மூலைகளைக் கலக்கிவிடும். லைக்கா தன் டிஜிட்டல் எம் பாடிகளில் இந்தக் கண்ணாடியை மெல்லியதாக வைத்ததற்கு அதுதான் காரணம். 2013இல் சோனி ஏ7 வந்ததும் விலையுயர்ந்த ரேஞ்ச்ஃபைண்டர் வைடுகளை ஆசையாக மாட்டியவர்கள் மூலைகளைப் பார்த்து நொந்துபோனார்கள். எஃப்8 வரை மூடினால் ஓரளவு தேறும், முழுக்கத் தேறாது. எஸ்எல்ஆர் வைடுகளோ கண்ணாடி ஆடுவதற்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கும்படி செய்யப்பட்டவை. அதனால் ஒளி நேராக வரும். மேலே சொன்ன சாதாரண நிக்கோர், சரியான அடாப்டரில், அதே சோனியில் மூலை வரை நன்றாக எடுக்கிறது. விலைப்பட்டியலுக்கும் மூலைக்கும் ஒத்துப்போகவே இல்லை.

ஹீலியோஸ் 44-2இன் பின்னணிச் சுழல் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஜெர்மனியின் பயோட்டார் 58 மி.மீ. வடிவத்தைப் பார்த்து ரஷ்யர்கள் செய்த லென்ஸ் அது. சுழல் குடியிருப்பது ஓரங்களில். அளவில் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டி எறிகிறது, ஆகவே ஃபுல் ஃப்ரேம் இல்லாமல் அதை வாங்குவது வீண் செலவு என்பேன்.

மேனுவல் லென்ஸில், ஃபோகஸான விளிம்புகளை மின்னவைத்துக் காட்டும் பீக்கிங்கை நம்பாதீர்கள். எஃப்2இல் மூக்கும் கண்ணும் ஒன்றாகவே மின்னும். வியூஃபைண்டரில் பெரிதாக்கி இமையைப் பாருங்கள். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் லென்ஸின் மி.மீ.யை மெனுவில் கையால் போட வேண்டும். 28ஐ மாட்டிவிட்டு மெனுவில் 58ஐ விட்டுவைத்தால் சென்சார் தேவைக்கு மேல் நகர்ந்து, அதுவே படத்தை ஆட்டிவிடும்.

கல்யாண வேலைக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று கேட்கிறார்கள். முகூர்த்தத்துக்கு நான் அந்தந்த மவுண்டுக்கான புது லென்ஸைத்தான் மாட்டுகிறேன். கேனன் ஆர்எஃப் 16 மி.மீ. போன்றவற்றில் வளைவை மென்பொருள்தான் நிமிர்த்துகிறது, மூலை கொஞ்சம் இழுபடுகிறது. அது பரவாயில்லை. தாலி கட்டும் நேரத்தில் கண்ணைத் துரத்திப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ்தான் எனக்கு முக்கியம். பந்தி முடிந்து தாத்தா பாட்டிகள் வெற்றிலையோடு உட்காரும்போது ஹீலியோஸ் பையை விட்டு வெளியே வரும், அவர்கள் அவசரப்படுத்துவதில்லை.