மூடப்பட்ட ஆசனம்

எமது ஊர்ச் சந்திக்கு அண்மையில் பழைய மோட்டார் வண்டிகளைத் திருத்தும் கராச் ஒன்று உண்டு. எம் தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் கார் ஆண்டிலே இரண்டு மூன்று தடவை அங்கு சென்று படுத்துக்கொள்வது வழக்கம். சென்ற விடுமுறையில் அவ்வாறு ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தபோது, எண்ணெய்க் கறை படிந்த சுவரிலே, நாட்காட்டிக்கு அருகில் ஒட்டப்பட்டிருந்த படமொன்று எம் கண்ணிற் பட்டது. தாழ்ந்து நீண்டு, நீரிற் பாயும் மீன்போன்ற வடிவுடைய கார் அது.

கராச்சில் வேலை செய்யும் இளைஞன் நான்கு ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் கற்றவன். "அது என்ன கார், தம்பி?" என்று கேட்டோம்.

"ஜாகுவார், சேர். முதல்லை பந்தயத்துக்கெண்டு செய்தது. பிறகு றோட்டிலை ஓடக்கூடிய மாதிரி மாத்தினவங்கள்" என்றான். சற்றுப் பொறுத்து, "பந்தயக் காரிலை பக்கத்துச் சீற்றைத் தகடு போட்டு மூடி விட்டிருந்தவங்கள். இதிலை அந்தத் தகட்டை எடுத்து, ஏறி இருக்கக் கதவும் வைச்சவங்கள்" என்றும் சொன்னான்.

அவன் இதனைக் குறிப்பெதுவும் இன்றியே சொன்னான். ஆயினும் அச்சொற்கள் வீடு திரும்பிய பின்னரும் எம்மை விட்டகலவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவோம். அந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது வேகத்தின் வரலாறாக மாத்திரமன்றி, இன்றைய சமுதாயத்தின் வரலாறாகவும் எமக்குத் தோன்றிற்று.

இங்கிலாந்தின் கொவென்றி நகரிலிருந்த ஜாகுவார் தொழிற்சாலை, 1954இல் டி-ரைப் என்னும் பந்தயக் காரை வெளியிட்டது. அதன் உடலை வடிவமைத்த மல்கம் சேயர் முன்னர் ஆகாய விமானத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர். ஆகவே காற்றை எவ்வாறு கிழித்துச் செல்வது என்பதே அவர் சிந்தனையாயிற்று. விமானத்தின் உடலைப் போன்று அலுமினியக் கலப்பு உலோகத் தகட்டினாலேயே நடுப்பகுதி அமைந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீனின் செட்டை போன்ற தகடொன்று நிமிர்ந்து நின்றது. 3.4 லீற்றர் கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் எஞ்சின், பிரான்சின் லெ மான் பந்தயப் பாதையின் நேரான பகுதியிலே மணிக்கு 170 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அதனைச் செலுத்திற்று. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கு நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி பெற்றது இவ்வினத்தைச் சேர்ந்த காரே.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பந்தய விதிகள் இரண்டு ஆசனங்கள் இருக்கவேண்டும் என்றன. ஆதலால் டி-ரைப் காரிலே இரண்டாவது ஆசனத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. ஆனால் யாரேனும் அதில் இருந்தால் பாரம். யாரும் இராது திறந்து கிடந்தால் காற்றுப் புகுந்து வேகத்தைத் தடுக்கும். எனவே அதன் மேல் ஒரு தகட்டைப் போட்டு மூடிவிட்டனர். ஓட்டுநருக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஒரு தடுப்பும் இருந்தது. சட்டப்படி இருவருக்குரிய வண்டி; உண்மையில் ஒருவனுக்கே உரிய வண்டி.

வேகத்தின் விலை எத்தகையது என்பதை 1955 ஜூன் 11ஆம் நாள் உலகம் கண்டது. லெ மானில் ஜாகுவார் வண்டியொன்று தரிப்பிடத்துக்குச் செல்லும் பொருட்டு வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த ஒஸ்ரின்-ஹீலி விலகியது. அதற்கும் பின்னால் வந்த மெர்சிடிஸ் அதன்மீது மோதி மேலெழுந்து சிதறிப் பார்வையாளர் கூட்டத்தினுள் விழுந்தது. அதன் ஓட்டுநரோடு 80 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் மக்கள் திரள் திரளாக வெளியேறி, நோயாளர் வண்டிகள் செல்லவேண்டிய வீதிகளை அடைத்துவிடுவர் என்பது அமைப்பாளர் கூறிய நியாயம். இரவில் மெர்சிடிஸ் நிறுவனம் தன் வண்டிகளை விலக்கிக்கொண்டது. ஜாகுவார் விலகவில்லை, வென்றது. பின்னர் நடந்த விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாகக் காணவில்லை. பாதையின் அமைப்பையே குறைகூறிற்று. தனிமனிதர் எவரும் குற்றவாளியல்லர். ஆயினும் மக்கள் மாண்டனர். ஓர் அமைப்பு முறையின் குற்றம் எப்பொழுதும் இவ்வாறே அமைகிறது.

1956இன் பிற்பகுதியில் ஜாகுவார் நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. விற்பனையாகாதனவும் முடிவுறாதனவுமான 25 டி-ரைப் கார்கள் தொழிற்சாலையிலே தேங்கி நின்றன. இவற்றை வீதியில் ஓடும் கார்களாக மாற்றி, பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையில் விற்பதென நிர்வாகம் தீர்மானித்தது. அவ்வாறு 1957இன் தொடக்கத்திற் பிறந்ததே எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்னும் வண்டி. கராச்சின் சுவரில் நாம் கண்ட படம் அதனுடையதே.

இம்மாற்றத்தின் பின்னணியில் மனிதாபிமானம் இருந்ததென நாம் மயங்கவேண்டியதில்லை. தேங்கிக் கிடந்த சரக்கைக் காசாக்கும் முயற்சியே அது. வாங்கியோரும் சாதாரண மக்களல்லர். ஹொலிவூட் நடிகர் ஸ்ரீவ் மக்குயீன் அவற்றுள் ஒன்றை வைத்திருந்தார். எனினும், இலாப நோக்கிற் செய்யப்பட்டபோதிலும், ஒரு பொருளை வீதிக்கு உரியதாக்கும்போது வீதி தன் நியாயத்தை அதன்மேல் விதித்தே தீரும். என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார்கள். மூடியிருந்த பக்கத்து ஆசனத்தைத் திறந்தார்கள். அதில் ஏறுவதற்கு ஒரு கதவை வெட்டினார்கள். தலைக்குப் பின்னால் நின்ற செட்டையை எடுத்துவிட்டார்கள். இருவருக்கும் காற்றுப் படாதவாறு அகன்ற முகப்புக் கண்ணாடியையும், மழைக்குத் துணிக்கூரையையும் பொருத்தினார்கள். முன்னும் பின்னும் சிறு பம்பர்கள் வந்தன. பெட்டி வைக்க உள்ளே இடமில்லாமையால் பின்புறத்து மேற்றகட்டிலே ஒரு தட்டி அமைந்தது. எஞ்சினைப் பெரிதாக மாற்றவில்லை. சுருங்கக் கூறின், வலிமை குறையவில்லை; வலிமையின் பக்கத்திலே இன்னொரு மனிதனுக்கு இடம் கிடைத்தது.

1957 பெப்ரவரி 12ஆம் நாள் தொழிற்சாலையில் மூண்ட தீ இவ்வேலையை இடையில் நிறுத்திற்று. நூற்றுக்கணக்கான கார்கள் சேதமுற்றன. மாற்றத்துக்கென நின்ற 25 வண்டிகளுள் 9 எரிந்தன. 16 மாத்திரமே எக்ஸ்.கே.எஸ்.எஸ். ஆக வெளிவந்தன. அத்தொழிற்சாலை சில நாள்களிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. சாம்பலை அள்ளிக் கொட்டி அதனை இயங்கவைத்த கைகளுக்குரியோரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் எம் கண்ணிற் படவில்லை. வென்ற ஓட்டுநரின் பெயர்கள் உள்ளன. வாங்கிய நடிகரின் பெயர் உள்ளது. கதவை வெட்டித் தகட்டை வளைத்த தொழிலாளி பெயரற்றவனாகவே நிற்கின்றான்.

அடுத்த கிழமை கராச்சுக்குச் சென்றபோது நாம் படித்தவற்றை அந்த இளைஞனிடம் சொன்னோம். அவன் மகிழ்ந்து, நாம் படித்த கட்டுரைகளில் இல்லாத பலவற்றை எமக்கு விளக்கினான். பந்தய எஞ்சின் உச்ச வேகத்துக்கென்றே அமைந்தது; மெதுவாக ஓடினால் அதன் பிளக்குகளிற் கரி படியும். காற்று வேகமாக மோதும்வரையே அதன் றேடியேற்றர் குளிரும். சந்தியில் மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்றால் தண்ணீர் கொதிக்கும். அடித்தட்டுத் தாழ்ந்திருப்பதால் வீதியின் சிறு மேட்டிலும் உரசும். கிளச்சை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடும். "வேகமா ஓடுறது அதுக்குப் பழக்கம், சேர். நிக்கிறதுதான் அதுக்குக் கஷ்டம்" என்றான்.

கராச்சின் உரிமையாளர் அப்போது எம் பேச்சிற் கலந்துகொண்டார். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்திலே, மொறிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களுள் அவரும் ஒருவர். சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கிக்கொண்டு, தட்டுத் தடுமாறி ஓடிய அந்தக் கார்களே நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் தாய்மாரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தன. அவற்றை எவரும் படமெடுத்துச் சுவரில் ஒட்டவில்லை.

இனி, அந்த ஆசனம் எம்மை உறுத்திய காரணத்துக்கு வருவோம்.

எமது பாடசாலையும் ஒரு பந்தயப் பாதையே. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே தொடங்கும் ஓட்டம், க.பொ.த. உயர்தரத்தின் வெட்டுப்புள்ளி வரை ஓயாது நடைபெறுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், பரீட்சைக்கு ஒன்பது மாதங்கள் இருந்த வேளையில், முப்பத்தாறு மாணவருள் பன்னிருவரை நாம் தெரிந்தெடுத்துப் பின்னேர வகுப்பு நடத்தினோம். பணம் வாங்கவில்லை, அதனால் அது தொண்டு என்றே கருதி இறுமாந்திருந்தோம். இரண்டாம் நாள் இந்த இளைஞன் வாசலில் வந்து நின்றான். "நானும் பின்னாலை இருந்து கேட்கலாமோ, சேர்?" என்றான். இலக்கணத்திற் பின்தங்கியவன், அவனுக்காக ஒரு தடவை மேலதிகமாக விளக்க நேர்ந்தால் ஏனையோரின் வேகம் குறையும் என்று எண்ணினோம். "இடமில்லை, தம்பி" என்றோம். அவன் திரும்பிப் போனான். பின்னர் பாடசாலையை விட்டும் போனான்.

பன்னிருவருள் எழுவர் பல்கலைக்கழகம் புகுந்தனர். அவர்களின் படங்கள் வாசலில் தொங்கின. விழாவிலே எமக்கு மாலையிட்டார்கள். சட்டப்படி முப்பத்தாறு பேருக்குரிய வகுப்பு அது. உண்மையில் பன்னிருவருக்கே அது ஓடிற்று. ஏனைய இருபத்து நான்கு ஆசனங்களின் மேல் தகட்டைப் போட்டு மூடியவர் வேறெவருமல்லர், நாமே. சமத்துவத்தைப் பற்றி மேடைகளிற் பேசிய அதே நாமே.

பந்தயமே வேண்டாவென்று கூறுதல் எளிது. அது முழு உண்மையன்று. 1953இல் லெ மானில் வென்ற ஜாகுவார் வண்டியிலே தட்டுப் பிரேக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. அவ்வகைப் பிரேக்குகளே இன்று சாதாரண மோட்டார் சைக்கிளிலும் இருந்து உயிர் காக்கின்றன. கூர்மையான மாணவனுக்கு உயர்ந்த கல்வி வேண்டாமென்பார் யார்? ஆனால் பாதையிற் கண்டறிந்தது வீதிக்கு வந்து சேரவேண்டும். வராதவிடத்து, அவ்வேகம் எவருக்கும் பயனற்ற அலங்காரமாகிவிடும். எரிந்துபோன ஒன்பதுக்கும் ஈடாக ஒன்பது புதிய எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களைச் செய்வதாக ஜாகுவார் நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஒவ்வொன்றின் விலையும் பத்து இலட்சம் பவுணுக்கு மேல். பழைய முறையிலேயே செய்யப்பட்ட அவை, இன்றைய வீதிப் பாதுகாப்பு விதிகளைக் கருதி அமைக்கப்பட்டவையல்ல. வீதிக்கென மாற்றப்பட்ட வண்டி, செல்வரின் சேகரிப்புப் பொருளாக மீண்டும் வீதியை விட்டு நீங்கிற்று. மாற்றத்தைப் பேணாதவிடத்து அது நிலைப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இத்தவணை தொடங்கியதும் பின்னேர வகுப்பின் கதவைத் திறந்துவிட்டோம். விரும்பியோர் வரலாம் என்றோம். பத்தொன்பது பேர் வருகின்றனர். முன்னர் ஒரு மாதத்தில் முடித்த பாடம் இப்போது ஆறு கிழமை எடுக்கிறது. பெற்றோர் இருவர் தம் பிள்ளைகளை நகரத்து ரியூட்டறிக்கு மாற்றிவிட்டனர். வாசலிலே தொங்கவிட இவ்வாண்டு எத்தனை படங்கள் தேறும் என்று அதிபர் எம்மைக் கேட்டார். விடை கூற எம்மால் இயலவில்லை. நிற்கப் பழகாத எஞ்சின்போல நாமும் இடையிடையே கொதிக்கின்றோம். விளங்காத பிள்ளையிடம் குரலை உயர்த்திவிட்டுப் பின் வெட்குகின்றோம். கதவை வெட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கேற்ப நம்மை மாற்றிக்கொள்வது நெடுநாள் வேலை.

எம் மொறிஸ் மைனர் திருத்தி முடிந்த அன்று, ஓட்டிப் பார்ப்பதற்காக இளைஞன் சாரதியின் ஆசனத்தில் அமர்ந்தான். நாம் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தோம். குளக்கட்டு வரை இருவரும் பேசவில்லை. திரும்பும்போது, "தம்பி, அண்டைக்கு வகுப்பிலை இடம் இருந்தது" என்றோம்.

அவன் கியரை மாற்றினான். எதிரே வந்த சைக்கிள்காரருக்கு வழிவிட்டு வண்டியை ஓரமாக எடுத்தான்.

"தெரியும், சேர். பின்வாங்கு வெறுமையாத்தான் கிடந்தது. நான் கண்டனான்" என்றான்.