சுழலும் விசிறியும் சுழியான கணக்கும்

எண் பொய் சொல்லாது என்பது பலருடைய துணிபு. சென்ற கோடை விடுமுறை வரையில் யாமும் அத்துணிபு உடையோமாகவே இருந்தோம். அதனால் ஒரு நல்லவரைப் பழித்தோம், பின்னர் நாணினோம். அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவது எம்மையொத்த மாணவர் சிலர்க்கேனும் பயன்படும் என்று கருதுகின்றோம்.

எம் இல்லத்தில் ஒரு கணினி உண்டு. யாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் எம் பெரியப்பாவின் மூத்த மகன், தம் சிறு பழுதுபார்க்கும் கடையிற் கிடைத்த பழைய உறுப்புக்களைக் கொண்டு அதனை அமைத்துத் தந்தார். கூலி ஒன்றும் பெற்றாரில்லை. எம் தாத்தா தம் வாழ்நாளெல்லாம் திரட்டி எழுதிய பழமொழிக் குறிப்பேட்டைக் கரையான் பாதி தின்றுவிட்டது. எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை யாம் அக்கணினியில் எழுத்தெழுத்தாக ஏற்றி வைத்திருந்தோம். வேறிடத்திற் படி எடுத்து வைக்கவேண்டும் என்னும் அறிவு அந்நாளில் எமக்கு இல்லை.

மே மாதத்து நண்பகல் ஒன்றில் கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தோம், சுட்டது. வெப்பம் மிகுந்தாற் கணினி கெடும் என்று கேட்டிருந்தோம் ஆதலின், விசிறிகளின் வேகத்தைக் காட்டும் நிரல் ஒன்றை நிறுவினோம். முன்புற விசிறி நிமிடத்திற்கு 900 சுற்று என்று காட்டிற்று. பின்புற விசிறிக்கு நேரே 0 என்றிருந்தது. முன்னது குளிர்ந்த காற்றை உள்ளே இழுப்பது. பின்னது வெந்த காற்றை வெளியே தள்ளுவது. வெளியேறும் வழி அடைந்தது, தாத்தாவின் உழைப்பு அழிந்தது என்றே துணிந்துவிட்டோம். உடனே கைப்பேசியை எடுத்து, "பழுதான விசிறியையா மாட்டிக் கொடுத்தீர்கள்? உறவென்று நம்பியதற்கு இதுவோ பயன்?" என்று அண்ணனுக்கு எழுதினோம். "நாளை மாலை வருகிறேன், தம்பி" என்பது மட்டுமே மறுமொழியாக வந்தது.

சொன்னபடியே வந்தார். யாம் எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாயா?" என்று மட்டும் வினவினார். யாம் பார்த்திலேம், திரையைத்தான் பார்த்திருந்தோம். அவர் ஒரு மெல்லிய தாள் துண்டைக் கேபினெட்டின் பின்னே பிடித்தார். தாள் வெளிப்புறமாகப் படபடவென்று பறந்தது. சுழி என்று கணக்கிடப்பட்ட விசிறி நன்றாகவே சுழன்றுகொண்டிருந்தது!

பின்னர் அவர் விளக்கியதை எம் சொற்களில் தருகின்றோம். விசிறியின் மூன்று கம்பிகளுள் இரண்டு மின்சாரத்திற்கு உரியவை. மூன்றாவது செய்தி சொல்வது. விசிறியின் நடுவே காந்தமும் அதன் அருகே சிறியதோர் உணர்வியும் உள்ளன. 1879-ஆம் ஆண்டில் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த காந்த விளைவினால் அவ்வுணர்வி காந்த முனைகளின் மாற்றத்தை அறிகின்றது. பெரும்பாலான விசிறிகள் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை மூன்றாம் கம்பி வழியே அனுப்புகின்றன. நிமிடத்திற்கு 2,000 துடிப்பு வந்தால் 1,000 சுற்று என்று மதர்போர்டு கணக்கிடும். நான்கு கம்பியுடைய விசிறிகளில் நான்காவது கம்பி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆணை கொண்டுவருவது. எனவே, செய்திக் கம்பி அறுந்தாலும் விசிறி ஓடும். எண் மட்டுமே நின்றுவிடும்.

அண்ணன் ஆராய்ந்த முறை எமக்கு இலக்கண ஆராய்ச்சியை நினைப்பித்தது. முதலிற் பயாஸ் பக்கத்தைத் திறந்தார். அங்கும் 0 என்றே இருந்ததால் நிரலின்மேற் குற்றமில்லை. பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, இரு விசிறிகளின் செருகிகளையும் இடம் மாற்றிச் செருகினார். சுழி அவ்விசிறியையே பின்தொடர்ந்து சென்றது. ஆகவே பலகையின் மேலும் குற்றமில்லை. எஞ்சியது கம்பி. பின்புற விசிறியின் கம்பி நீளம் போதாமையால், இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் ஒன்றை அவர் இடையில் மாட்டியிருந்தார். அதன் இரு கிளைகளையும் வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார். ஒரு கிளையில் மூன்று கம்பிகளும் இருந்தன. மற்றதில் செய்திக் கம்பி மட்டும் இல்லை. இரு விசிறிகளின் துடிப்புகள் ஒரே வழியிற் கலந்தாற் கணக்குக் குழம்பும் ஆதலின், அவ்வாறு ஒன்றை விட்டே அதனைச் செய்கின்றனர். எம் விசிறி அந்த ஊமைக் கிளையில் இருந்தது. கிளையை மாற்றிச் செருகியதும் திரையில் 1,020 என்று தோன்றிற்று.

சுழி காட்டுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரண்டே கம்பியுடைய விசிறியும், மின்வழங்கியிலிருந்து நேரே மின்சாரம் மட்டும் பெறும் விசிறியும் வேகம் சொல்லமாட்டா. பழைய மதர்போர்டுகளுட் சில, மிக மெல்லச் சுழலும் விசிறியின் துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தை அளக்கமாட்டாமல் சுழி என்றே காட்டிவிடும். மாறாக, எண் செம்மையாக இருந்தும் வடிகட்டியில் தூசி அடைத்துக் காற்றுப் போகாமலும் இருக்கலாம். ஆதலின் வேகத்தோடு வெப்பநிலையையும் பார்த்தல் வேண்டும். எம் கணினியில் அடைத்திருந்த தூசியே கேபினெட் சுட்டதற்குக் காரணம். அதனைத் துடையாதிருந்தது எம் குற்றம்.

யாம் மன்னிப்புக் கேட்டோம். "கிளையைப் பாராமற் செருகியது என் கைதானே?" என்று அண்ணன் சிரித்தார். "அப்படியானால் அந்த எண் வேண்டாமே, ஓடினாற் போதாதா?" என்றோம். "வேண்டும், தம்பி. ஒருநாள் மெய்யாகவே நின்றுவிட்டால் யார் சொல்வார்?" என்றார். போகும்போது பழமொழிகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்துத் தாத்தாவின் கையிற் கொடுத்தார்.

'வந்தேன்' என்னும் வாக்கியத்தில் 'நான்' என்பது காணப்படுவதில்லை. ஆயினும் வந்தவன் இல்லை என்று யாரும் சொல்லார். தோன்றா எழுவாய் என்று வகுப்பிற் பலமுறை படித்த யாம், எம் வீட்டிலேயே இரண்டாண்டு தோன்றாது தொழில் செய்த விசிறியை இல்லை என்றோம். அதனை அமைத்தவரையும் பழித்தோம். பழமொழித் தொகுப்பின் முன்னுரையில் உதவினோர் பெயர்களை முன்னரே எழுதி வைத்திருந்தோம். அன்றிரவு அதனைத் திறந்து பார்த்தோம். அப்பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை. முதலில் அதனைச் சேர்த்துவிட்டே உறங்கச் சென்றோம்.