தெரியாத பாஷையில ஒரு கையெழுத்து

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போற ரோட்டில எக்சிடன்ட் நடந்தா, சில நேரம் அம்புலன்ஸுக்கு முதல் வந்து நிக்கிறது சமாதானம் பேசுற ஆக்கள்தான். "கோட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுபடும், ஏதாச்சும் வாங்கிட்டு முடிச்சிருங்க." இத நல்ல புத்தி என்று நினைச்சுத்தான் நாங்க எல்லாரும் வளர்ந்தோம்.

எங்கட மாமாட த்ரீவீலில மரக்கறி லொறி ஒன்று மோதினப்பவும் அதுதான் நடந்தது. மாமாவுக்குக் கால் முறிவு. பொலிஸில சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில வாசிக்காமலே கையெழுத்து வச்சிட்டார். திடீரெனத் திரும்பினது தானேதான் என்று அதில இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. கேஸும் அவர் மேலதான். 'ஒத்துக்கொண்டா ஃபைனோட முடியும்' என்று ஊரே சொன்னது.

புத்தளத்தில ஒரு சட்டத்தரணிதான் தடுத்தார். இங்க ஒத்துக்கொண்டா, நாளைக்கு மாவட்ட நீதிமன்றத்தில நட்டஈடு கேக்கும்போது எதிர்த்தரப்பு அதையே தூக்கிக் காட்டும் என்றார். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையையும் சொன்னார்: வழக்கு நடக்கிற பாஷை தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்புத் தரணும். சிங்களத்தில கோடு நடக்கிற எங்கட மாவட்டத்தில இத ஏன் பள்ளிக்கூடத்திலயே சொல்லித் தரல்லையோ!

அவர் வீர வசனம் ஒன்றும் பேசல்ல. எல்லாம் கடதாசி வேலைதான். பொலிஸ் வரைபடத்தின் பிரதிய எடுத்துக்கொண்டு இடத்துக்கே வந்து அளந்தார். லொறிட பிரேக் தடம் கோட்டைத் தாண்டி எங்கட பக்கம் வந்திருந்தது. நீதவான் மாமாவை விடுதலை செய்தார். பிறகு நட்டஈட்டு வழக்கு. அத 2 வருஷத்துக்குள்ள போடணும், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில இருக்கிற விதி. வழக்குப் போட்டு 7 நாளுக்குள்ள லொறிட காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தல் போகணும். போகாட்டி, தீர்ப்பு வந்தாலும் கம்பனி கை விரிக்கலாம். "பொறுங்க, பொறுங்க" என்று இழுத்தடிக்கிறது யாருக்கு லாபம் என்று அப்பதான் விளங்கிச்சு.

மாமாவும் சிக்னல் போடல்லதான். பழைய சட்டத்தில அதுவே முழு நட்டஈட்டையும் இல்லாமலாக்கியிருக்கும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பிழையின் அளவுக்குத்தான் குறைப்பாங்க. கடைசியில கம்பனியே பேசி முடிக்க வந்தது. முதல் நாள் ரோட்டில நீட்டின காசு ஆஸ்பத்திரிக்குப் போய்வாற செலவுக்கே காணாது. இது கடனை அடைச்சு, த்ரீவீலையும் திருத்தித் தந்தது.

எல்லா லோயரும் இப்படி ஓடித்திரிய மாட்டாங்க, அதுவும் உண்மை. ஃபீஸுக்கு வழியில்லாதவங்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. அங்க கேட்டுப் பாக்கலாம்.

மாமாட கால் இன்னும் முழுசா மடங்காது. த்ரீவீலை இப்ப மச்சான்தான் ஓட்டுறான்.