மலைமேல் ஓர் அடுப்பு

தருமபுரிக்காரர்களுக்குக் குளிர்ந்த மலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏற்காடுதான். தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சேலம் போய், அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் ஊர் வந்துவிடும். காலையில் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறவர்களே அதிகம். நாங்கள் சில வருடங்களாக வேறு மாதிரி போகிறோம். சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறோம். அரிசி, கேழ்வரகு மாவு, புளி, கொள்ளு, குக்கர் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். காய்கறி மட்டும் கொண்டுபோவதில்லை. அதை அங்கேதான் வாங்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டது.

லீவு நாளிலும் சமைக்க வேண்டுமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வருடம் முழுக்க அடுப்படியில் நிற்கிற பெண்களே அங்கேயும் நிற்பதென்றால் அதை விடுமுறை என்று சொல்லக் கூடாது. அதனால் மலையில் அடுப்பு என் பொறுப்பும் தம்பியின் பொறுப்பும். காய் நறுக்குவது பிள்ளைகள். என் மனைவியும் தம்பி மனைவியும் அம்மாவும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, காப்பி எப்போது வரும் என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். அம்மா வேறு யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஹோட்டலில் தங்கினால் ஊர் நம்மைத் தேடி வரும், ஊருக்குள் நாம் போக மாட்டோம். அடுப்பு இருந்தால் கடைக்குப் போயே தீர வேண்டும். சௌசௌ அங்கே எவ்வளவு மலிவு, பட்டர் ஃப்ரூட் எந்த மாதம் பழுக்கும், எந்தத் தோட்டத்து மிளகு காரம் என்பதெல்லாம் காய்க்காரம்மாதான் சொல்லிக் கொடுத்தார். "கீழருந்து வந்த தக்காளி கண்ணு, உங்கூருதுதான்" என்று ஒருமுறை சிரித்தார். பாலக்கோட்டுத் தக்காளியாக இருக்கலாம். மலைமேல் எது விளைகிறது, எது லாரியில் ஏறி வருகிறது என்பதை அந்தக் கடையில்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. தண்ணீரும் அப்படித்தான். பாத்திரம் கழுவுகிறவனுக்குத்தான் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். கோடையில் மலைமேல் தண்ணீர் லாரி ஏறுவதைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தே வைத்துப் பாத்திரம் துலக்க மனம் வராது.

கொள்ளு அங்கே சீக்கிரம் வேகாது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடும் குறைந்துகொண்டே வரும். அந்த உயரத்தில் 95 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு அசையாது. குக்கர் மூடியைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால்தான் கடைசலுக்கு ஏற்ற பதம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததை என் மகள் அந்தச் சமையலறையில்தான் நம்பினாள்.

ஏற்காட்டின் பழைய கதையும் தங்கிச் சமைத்தவர்களின் கதைதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். (அன்றைய சேலம் மாவட்டத்தில் நாங்களும் இருந்தோம், தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்தான்.) அவருக்குப் பின் வந்த தோட்டக்காரர்களும் வெயிலுக்குப் பயந்து வந்த வெள்ளைக்காரர்களும் ஒரு நாளைக்கு வந்தவர்கள் அல்ல. மாதக்கணக்கில் தங்கினார்கள். அதற்கேற்ற வீடுகள், 1853-ல் ஹோலி டிரினிட்டி தேவாலயம், 1894-ல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று ஊர் வளர்ந்தது. பழைய பங்களாக்களில் சமையல்கட்டு வீட்டை ஒட்டி இருக்காது. புகையும் தீயும் அண்டாமல் பின்பக்கம் தள்ளிக் கட்டியிருப்பார்கள். முன்கூடத்தின் கணப்பையும் சாய்வு நாற்காலியையும் படம் எடுக்கிறவர்கள் அந்தப் பின்கட்டையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அந்த வீடுகளுக்குச் சோறு போட்ட கைகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே மலையில் அடுப்பு மூட்டியவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசும் இவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சாமையும் கேழ்வரகும் இவர்களின் சாப்பாடு. மே மாதத்தில் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரளும். ஏற்காட்டின் வரலாற்றை 1820-லிருந்து ஆரம்பிக்கிற வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் எங்களைப் போலச் சமையலறையோடு வீடு எடுத்துத் தங்குவது சாதாரணம். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் உயரத்தில் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வரும், சுமார் 1,560 மீட்டர். காசநோய்க்கு மருந்து கிடைக்காத காலத்தில் மலைக்காற்றை நம்பி நோயாளிகள் மாதக்கணக்கில் போய்த் தங்கிய ஊர் அது. 1983-க்குப் பிறகு அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் இன்று அப்படிப்பட்ட ஊர்களுக்கு அங்கிருந்தே விடுமுறைக்குப் போகலாம், மிளகாய்த்தூளைப் பையில் வைத்துக்கொண்டு.

ஆனால் நமக்கு இதற்கு ஆல்ப்ஸ் வரை போக வேண்டியதில்லை. ஒகேனக்கலில் இது எப்போதும் நடப்பதுதான். கரையில் கெளுத்தியோ ரோகுவோ கட்லாவோ வாங்கி, அங்கே இருக்கும் சமையல் செய்யும் அக்காக்களிடம் கொடுத்தால், கழுவி, மசாலா அரைத்து, விறகடுப்பில் குழம்பும் வறுவலும் ஆக்கித் தருவார்கள். பரிசலில் போய்விட்டு, எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருவதற்குள் சோறு வடித்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் "உப்பு போதுமா சாமி?" என்ற கேள்வியும் வரும். நாம் கொடுக்கும் காசு நேராக அந்தக் கையில் போகிறது. ஆடிப்பெருக்குக்கு வண்டி கட்டிவந்து ஆற்றங்கரையில் கல் கூட்டிப் பொங்கிய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

இப்போது எங்கள் மாவட்டத்து வத்தல்மலைக்கும் ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கேயும் காப்பி, மிளகு, சவுக்குப் போல உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள். சின்னங்காடு, பெரியூர், பால்சிலம்பு என்று மலையாளி மக்களின் ஊர்கள். நெடுங்காலம் மூட்டையைத் தலையில் வைத்து ஏறிய மலைக்கு இப்போது தார்ச்சாலை இருக்கிறது. சாலை வந்தால் ரிசார்ட் வரும், நிலத்துக்கு விலை பேசுகிறவர்களும் வருவார்கள். அதற்கு முன் அந்த ஊர்க்காரர்களே தங்கள் வீட்டோடு ஓர் அறையும் அடுப்பும் கட்டி வாடகைக்கு விட அரசு கடன் கொடுத்தால் நன்றாக இருக்கும். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். வருகிறவன் சாமையையும் அவரையையும் பக்கத்து வீட்டில் வாங்குவான். எப்படி ஆக்குவது என்று தெரியாவிட்டால் அந்த வீட்டு அம்மாவிடமே கேட்பான், அவர் சொல்லிக் கொடுத்ததற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு இறங்குவான். ஒகேனக்கல் அக்காக்கள் எந்தத் திட்டமும் இல்லாமலே இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். வத்தல்மலையில் அதைத் தொடங்க இப்போது இருப்பதைவிட நல்ல நேரம் அமையாது.