பூக்காரம்மாவின் முழம்

கல்யாணத்துக்கு வரன் கிடைத்துவிடும். மண்டபம்கூட எப்படியோ கிடைத்துவிடும். ஆனால் பூ அலங்காரக் காண்டிராக்டர் நீட்டும் எஸ்டிமேட்டைப் படித்துவிட்டுத் தலை சுற்றாத தாயார் கிடைப்பது அரிது. 2023-ஆம் வருஷம் வைகாசியில் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு வந்த எஸ்டிமேட் 85,000 ரூபாய். பூவுக்கு மட்டும்!

"இது பூ விலையா, பூமி விலையா?" என்று கேட்டார் என் கணவர். அவர் ரிடையராகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"துணிப் பூ வைத்துவிடலாமே, அம்மா!" என்றாள் கல்யாணப் பெண்.

"வாசனையில்லாமல் ஒரு கல்யாணமா?" என்று ஊஞ்சலிலிருந்தே வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார் என் மாமியார்.

சரி, நாமே பூ வாங்கி, நாமே கட்டி, நாமே அலங்காரமும் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

என் சாமர்த்தியம் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஆரம்பமாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் முதலில் தை மாதம் என்றார்கள். பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் சுருங்கிவிடும். விலையைக் கேட்டால் நமக்குக் குளிர் ஜுரம் வரும். அதுவே கோடையில் கொழிக்கும். "வைகாசியில் நல்ல முகூர்த்தங்கள் இருக்கின்றன" என்று மட்டும் சொன்னேன். பூக் கணக்கைச் சொல்லவில்லை!

அடுத்தபடி, எத்தனை பூ வேண்டும்? கடைத்தெருவில் 100 கிராம் மல்லிகை மொட்டு வாங்கி வந்து மாமியாரிடம் கொடுத்தேன். அவர் கட்டி முடித்ததும் முழம் போட்டுப் பார்த்தேன். வருகிற பெண்மணிகளை எண்ணி, தலைக்கு ஒரு முழம் என்று பெருக்கி, ஜடைக்கும் சுவாமிக்கும் கூட்டினால் 6 கிலோ என்று விடை வந்தது. கணக்கில் பிழை இல்லை. எத்தனை முழம் வருகிறது என்று பார்த்தேனே தவிர, கட்ட எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கவில்லை. அதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.

இன்னொரு பிழையும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு 21 வருஷமாக ஒரு பூக்காரம்மா வாடிக்கையாகப் பூ கொடுத்து வருகிறாள். என் பெண் பள்ளிக்கூட நாடகத்தில் ஆண்டாளாக நின்றபோது ஜடை தைத்தது அவள்தான். அவளுடைய முழமே தனி. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்துவிட்டு, "இது பாப்பாவுக்கு" என்று ஒரு சாண் சேர்த்து நறுக்குவாள். கல்யாணத்துக்குப் பூ என்று அவளிடம் சொன்னால், சில்லறை விலை போடுவாளே, வாடிக்கைக்காரியிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று எனக்குத் தயக்கம். ஆகவே சொல்லவில்லை. பூவைச் சொல்லாதபோது கல்யாணத்தை எப்படிச் சொல்வது? பத்திரிகையும் கொடுக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள். விடியற்காலை மூன்று மணிக்கு நானும் கணவரும் ஆட்டோவில் கோயம்பேட்டில் போய் இறங்கினோம். 1996-ல் இந்த மார்க்கெட் வருவதற்கு முன் பாரிமுனைப் பக்கம் போய்ப் பூ வாங்கிய ஞாபகம் என் மாமியாருக்கு. அந்தப் பேட்டைக்கே 'பூக்கடை' என்றுதானே பெயர்! கோயம்பேட்டில் அந்த நேரத்தில் நமக்குத்தான் தூக்கம், பூவுக்கு விழிப்பு. மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி, சாமந்தி. ஓசூர்ப் பக்கத்து ரோஜாக் கட்டுகள். ஈரத் துணிக்குள் சம்பங்கி. நடுவில், 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிடுக்கோடு மதுரை மல்லி!

முகூர்த்த நாளென்றால் விலை ஏறும் என்று இரண்டு வாரம் முன்பே ஒரு மண்டிக்காரரிடம் முன்பணம் கொடுத்து வைத்திருந்தேன். கிலோ 500 ரூபாய்க்கே மல்லிகை கொடுத்தார். கனகாம்பரத்தின் விலையைக் கேட்டு என் கணவர் பின்வாங்கினார். நான் விடவில்லை. கனகாம்பரத்துக்கு எடையே கிடையாது. ஒரு கிலோ என்றால் கூடை நிறைய வரும். வாசனை இல்லாவிட்டாலும் சீக்கிரம் வாடாது. மேடைக்குச் செண்டுமல்லியும் சாமந்தியும், தோரணத்துக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் எடுத்தோம். மணமக்களின் மாலையை மட்டும் மாலை கட்டுகிறவரிடமே ஒப்படைத்தோம். அதில் கை வைக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஒன்பது மணிக்கு நாலு பேர் நூலும் கையுமாக உட்கார்ந்தோம். மாமியார், நான், நாத்தனார், மாடி வீட்டு மாமி. பாட்டும் பேச்சுமாக ஆரம்பித்தது, மத்தியானம் பேச்சில்லாமல் போயிற்று. நான் கட்டிய சரத்தைத் தூக்கினால் பூவெல்லாம் தரையில்; நூல் மட்டும் கையில்! மாலை நாலு மணிக்குக் கட்டி முடிந்தது ஒன்றரைக் கிலோ. நாலரைக் கிலோ மொட்டு ஈரத் துணியில் அப்படியே இருந்தது. மல்லிகை மனிதர்களுக்காகக் காத்திருக்குமா? அந்தி சாய்ந்தால் வாய் திறக்கும். மலர்ந்த பூவைக் கட்டுவது கடினம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "அம்மா, பூ!"

நான் எழுந்திருப்பதற்குள் பூக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள். கூடத்தில் குவிந்து கிடந்த பூவையும், கதவில் கட்டியிருந்த மாவிலையையும், மருதாணிக் கையோடு நின்ற என் பெண்ணையும் பார்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

"பாப்பாவுக்கா கண்ணாலம்?" என்றாள் கடைசியில்.

எனக்கு நாக்கு எழவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கை மொட்டை அள்ளிப் பார்த்தாள்.

"பூ நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க. நானும் கோயம்பேட்டுலதாம்மா வாங்கறேன். அங்கே போய் வாங்கினா நான் கோச்சுக்குவேனா? கட்டறதுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. மடியிலிருந்து செல்போனை எடுத்துத் தன் தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். மூவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். விரல் எங்கே, நூல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சரம் மட்டும் பாம்பு மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. இரவு ஒன்பது மணிக்குள் கூடை காலி. "தண்ணி தெளிக்காதீங்க, கறுத்துடும். வாழை இலையில சுத்தி ஃபிரிட்ஜில வையுங்க" என்று பக்குவமும் சொல்லிக் கொடுத்தாள்.

ஆளுக்கு 1,200 ரூபாய் கூலி கேட்டாள். பேரம் பேசவில்லை. கூட 500 ரூபாய் வைத்துக் கொடுத்தேன். அதை மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுத்தாள். "கூலி வாங்கிட்டேன். போதும்மா."

என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன். என் பெண் உள்ளே போய் ஒரு பத்திரிகை எடுத்து வந்தாள். மருதாணிக் கையால் அவள் பெயரை எழுதி, தாம்பூலத்தோடு நீட்டினாள். அதைப் பூக்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நல்ல புடைவை கட்டிக்கொண்டு வந்து முன் வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மணப்பெண்ணின் ஜடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு எங்காவது தளர்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ!

மாலை, கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பூவுக்கு ஆன செலவு 22,000 ரூபாய். மிச்சம் 63,000. சகோதரிகளே, நீங்களும் தாராளமாக இப்படிச் செய்யுங்கள். மாதம் பார்த்து, முன்பணம் கொடுத்து, நேரில் போய் வாங்குங்கள். ஆனால் பூவைக் கட்டும் கைக்கு முதலில் சொல்லிவிடுங்கள். பத்திரிகையோடு சொல்லுங்கள்.

பாப்பா புக்ககம் போய்விட்டாள். பூக்காரம்மா இன்னும் தினமும் வருகிறாள். முழம் போட்டுவிட்டு, இப்போதும் ஒரு சாண் சேர்த்துத்தான் நறுக்குகிறாள். யாருக்கு என்று நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.