ராவுத்தர் மாமாவும் சர்க்கரைப் பொங்கலும்

குதிரைக்கு என்ன பிடிக்கும் என்று யாரைக் கேட்டாலும் "கொள்ளு" என்று பதில் வரும். கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளமென்றால் மூடிக்கொள்ளுமாம். பழமொழி சரிதான். ஆனால் அந்த வாய் வேறு எதற்கெல்லாம் திறக்கும் என்பதைச் சொன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதனால் எனக்கு வந்த வினையைக் கேளுங்கள்.

1962-ம் வருஷம். எனக்குப் பத்து வயசு. திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் எங்கள் வீடு. கொல்லைப்புறத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் ஜட்காக்கார ராவுத்தர் தம்முடைய குதிரையைக் கட்டியிருந்தார். வாடகை என்று எதுவும் கிடையாது. காலையில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும், அப்பா வெளியூர் போனால் ரயிலடிக்குக் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு அவர் மாமா. என் அம்மாவை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

குதிரை செம்பழுப்பு நிற மட்டம். நெற்றியில் நாமம் போட்டது போல ஒரு வெள்ளைக் கோடு. அதை வாங்கிய கடனில் பாதிதான் அடைந்திருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம்.

மாமா குதிரைக்குத் தீனி வைப்பதைப் பார்க்க வேண்டும்! எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பக்குவமாகப் பரிமாறியதில்லை. ராத்திரியே கொள்ளை ஊறப் போடுவார். விடியற்காலையில் மண்பானையில் வேகவைத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, பிளந்த பிறகுதான் இறக்குவார். நன்றாக ஆறினால்தான் தவிடும் ஒரு சிட்டிகை உப்பும் சேரும். நாளைக்கு ஒன்றரைப் படி. அதையும் ஒரே வேளையில் வைக்க மாட்டார். மூன்று பங்கு. வண்டி ஓடாத நாளில் அதில் பாதிதான்.

"பாவம் மாமா, லீவு நாளில்தானே நன்றாகச் சாப்பிட வேண்டும்?" என்று கேட்டேன் ஒரு முறை.

"மனுஷனுக்குத்தான் தாயி லீவு அன்னிக்கு விருந்து. இது சும்மா நின்னுக்கிட்டு முழுக் கொள்ளையும் தின்னுச்சுன்னா மறுநாள் தொடை இறுகி நின்ன எடத்துல நின்னுடும்" என்றார்.

புல் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. புல்லுக்காரி அருகம்புல்லை வேரோடு செதுக்கிக் கொண்டு வருவாள். அவர் ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கல்லில் அடித்து, மண் உதிர்ந்த பிறகுதான் போடுவார். வேரோடு ஒட்டிய மண் குடலில் சேர்ந்தால் குதிரை பிழைப்பதே கஷ்டமாம். ரயிலடியிலிருந்து ஓடி வந்த சூட்டோடு தானியம் கிடையாது. முதலில் கொஞ்ச நேரம் நடை, பிறகு தண்ணீர், பிறகு புல். கொள்ளு கடைசியில்தான்.

இத்தனையும் தினம் பார்த்துக்கொண்டிருந்த நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது. எங்கள் பசுவுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டினார்கள். குதிரை மட்டும் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. பசு பாலைத்தான் கொடுக்கிறது. தினம் நம்மைச் சுமக்கிறது எது? மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு, அரைப் பானை சர்க்கரைப் பொங்கலைத் தூக்கிக்கொண்டு போய் அதன் தொட்டியில் கொட்டிவிட்டேன். நெய்யும் வெல்லமுமாய் வழித்து நக்கியது பாருங்கள், எனக்குப் பரம சந்தோஷம்!

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குதிரை காலால் தரையைப் பறித்தது. தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, புரண்டது, எழுந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி நடத்தினார்.

"யாராச்சும் எதையாச்சும் வச்சீங்களா, தங்கச்சி?"

அம்மா "இல்லையே அண்ணே" என்றாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அண்ணன் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தபோது மணி ஒன்பது. அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன தின்றது என்று தெரிந்தால்தானே நான் வைத்தியம் பண்ண முடியும்?" என்றார். அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா கையை ஓங்கினாள். மாமாதான் தடுத்தார். "புள்ளை ஆசையா வச்சது, விடு தங்கச்சி" என்றார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை இறக்கி எண்ணெய் விட்டார். அன்று அவர் சொன்னதும், பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டு வந்து அசை போடும். (அதற்கும் அளவு மீறிச் சோறு போட்டால் ஆபத்துதான்.) குதிரைக்கு ஒரே வயிறு, பெரிய குதிரைக்கே எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இறங்கியது இறங்கியதுதான். குழைந்த சோறு உள்ளே புளித்துக் காற்றாய்ப் பொருமினால் வெளியேற வழியில்லை.

இந்தத் தப்பை முதலில் செய்தவள் நான் அல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல். 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து கப்பல் கப்பலாய் வந்து இறங்கிய குதிரைகளுக்கு இங்கே சோற்றையும் சமைத்த இறைச்சியையும் போடுகிறார்கள், அவை பராமரிப்பில்லாமல் செத்துப்போகின்றன என்று எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் சென்னை ராஜதானியில் கொள்ளையே குதிரைக்குப் போட்டு, அதற்கு 'ஹார்ஸ் கிராம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மலிவாயிற்றே என்று வெறும் தவிட்டையே போட்டு வளர்ப்பதும் கூடாது. எலும்பு பலவீனப்பட்டு முகம் வீங்கிவிடும். சீமையில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு அந்த வியாதி வந்ததால், மில்காரன் வியாதி என்றே அதற்குப் பெயர். எல்லாம் தெரிந்து என்ன பிரயோஜனம்? அன்று ராத்திரி எனக்குத் தெரியவில்லையே!

விடிய விடிய மாமா நடத்தினார். அப்பா ஒரு நாழிகை, அண்ணன் ஒரு நாழிகை என்று கயிற்றை மாற்றிப் பிடித்தார்கள். நான் திண்ணையை விட்டு நகரவில்லை. மலைக்கோட்டைப் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்த சமயம், குதிரை நின்றது, வாலைத் தூக்கியது, லத்தி போட்டது. "அல்லா!" என்று மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் அம்மா, மடியும் ஆசாரமும் பார்க்கிறவள், அந்த லத்தியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிரிக்காதீர்கள், அன்று எங்களுக்கு அது பிரசாதம் மாதிரிதான் இருந்தது.

ஐந்து நாள் வண்டி ஓடவில்லை. ஐந்து நாள் வருமானம் என்ன என்று அப்பா கேட்டார், மாமா சொல்லவில்லை. அம்மா சந்தையிலிருந்து ஒரு மரக்கால் கொள்ளு வாங்கி, பேச்சே இல்லாமல் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. தினம் சாயங்காலம் அருகம்புல்லை மண் போக அடிக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஆட்டோக்கள் வந்த பிறகு திண்டுக்கல் தெருக்களில் ஜட்கா மறைந்துவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த வருஷத்து மாட்டுப் பொங்கலைப் பற்றி.

பொங்கல் பானையை அம்மா பரண் மேல் ஏற்றி வைத்துவிட்டாள்! நான் கொல்லைக்குப் போனேன். மாமா கொடைக்கானல் காரட் ஒன்றை எடுத்து, சூரிக் கத்தியால் நீளவாக்கில் கீறினார். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் சிக்கிக்கொள்ளுமாம்.

"இந்தா தாயி. கையை நல்லா விரிச்சு வச்சுக்க. விரலை மடக்காதே."

விரித்துப் பிடித்தேன். வெதுவெதுப்பான மூச்சு உள்ளங்கையில் பட்டது. குதிரை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, காரட்டை எடுத்துக்கொண்டது.