ஒற்றைப் பனை

என் மேஜைமேல் ஒரு கல் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருப்பதற்காக வைத்தது என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். உள்ளங்கை அகலம், ஆட்டுக்கடாவின் கொம்பைச் சுருட்டி வைத்தாற்போல் இருக்கும். வைஷ்ணவ நண்பர் ஒருவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாளக்கிராமத்தை இப்படியா ஐயா போட்டு வைப்பது?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் பாதி சரி. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சுருளும் இதுவும் ஒரே குலம். அம்மோனைட் என்று பெயர். கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். கடலில் நீந்தித் திரிந்த பிராணி. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்ந்து அந்த வம்சமும் பூண்டற்றுப் போயிற்று.

சென்ற மாதம் என் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். காப்பியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் நேரே மேஜைக்குப் போனாள். கல்லைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கே எடுத்தது, தாத்தா?"

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் அந்தக் கல்லைப்பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என்ன கல் என்றார்கள், என்ன விலை என்றார்கள், ராசியா என்றுகூட ஒருவர் கேட்டார். எங்கே எடுத்தது என்று முதல் கேள்வியாகக் கேட்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுந்தான். நான் மழுப்பினேன்.

"பெரம்பலூர்ப் பக்கம், அம்மா."

"பக்கம்னா?"

கதை எழுதிப் பிழைக்கிற இவன் ஒருகாலத்தில் கல் உடைத்தவன் என்பது என் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. நான் படித்தது அந்தச் சாஸ்திரந்தான். பெரியவர்கள் அதைப் 'பூகர்ப்ப சாஸ்திரம்' என்பார்கள். பூமாதேவியின் கர்ப்பத்தைச் சோதிப்பது என்றால் ஏதோ மருத்துவச்சி வேலைபோலத் தோன்றும். பிறகு நிலநூல் என்றார்கள், மண்ணியல் என்றார்கள், இப்போது புவியமைப்பியல். என் தாயாருக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. "பையன் ஜுவாலஜி படிக்கிறான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தவளை அறுக்கிற படிப்பு என்றாலாவது பின்னால் டாக்டராகலாம் என்று ஊரில் மதிப்பு உண்டு. ஜல்லி உடைக்கிற படிப்பு என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

முதல் வருஷம் எங்களைப் பல்லாவரத்துக்கும் பரங்கிமலைக்கும் அழைத்துப் போனார்கள். ரயிலில் போகும்போது நூறு தடவை பார்த்த மலைதான். அந்தக் கறுத்த கல்லுக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். தாமஸ் ஹாலந்து என்ற ஆங்கிலேய நிபுணர் 1893-ல் சூட்டியது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கம்பெனி உத்தியோகஸ்தரின் கல்லறைமேல் கிடத்தியிருந்த பலகைக்கல் இந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டு, செத்தவர் பெயரைக் கல்லுக்கு வைத்துவிட்டார். கல்கத்தாவை நிறுவியவர் சார்னக் என்று சொல்லக்கூடாது என அந்த நகரத்து உயர்நீதிமன்றமே 2003-ல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கல்லிலிருந்து அவர் பெயரை எடுக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறை அகப்பட்டாலும் சார்னோகைட்தான்.

அந்தக் கல்லில் ஒரு சில்லை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடி போட்டு, நீர் விட்டு, தேய்க்க வேண்டும். சந்தனம் அரைக்கிற பொறுமை போதாது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு சுற்று அதிகமானால் கல் முழுவதும் கரைந்து போய்க் கண்ணாடிதான் மிஞ்சும். எனக்கு மூன்று முறை கண்ணாடிதான் மிஞ்சியது. நாலாவது முறை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து மேடையைச் சுழற்றினேன். மயிர்க்கோடுகள் ஓடிய ஒரு துண்டு மெல்லிய ரோஜா நிறமாக இருந்தது, சுழற்றச் சுழற்ற வெளிறிய பச்சையாக மாறியது, மறுபடி ரோஜாவாயிற்று. பரங்கிமலைக்குள் இப்படி ஒரு பட்டுப்புடவை மடித்து வைத்திருக்கிறதா என்று பிரமித்துப் போனேன். எம்.எஸ்ஸி.க்கும் அதையே படிப்பது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். அந்தக் கனிமத்துக்கு அப்போது ஹைபர்ஸ்தீன் என்று பெயர். 1988-ல் சர்வதேச நிபுணர்கள் கூடி அந்தப் பெயரை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிறம் மட்டும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

எம்.எஸ்ஸி. முதல் வருஷம், தை மாதம். பதினான்கு நாள் களப்பயணம். இன்றைக்குப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்கள்; அன்று எல்லாம் திருச்சி ஜில்லா. காரை என்ற கிராமத்துக்கு வெளியே போய் நின்றால், இது சோழநாட்டுக்கு அண்டை நிலம் என்றால் நம்பமுடியாது. புல் பூண்டு இல்லாத களிமண் மேடுகள்; மழை அறுத்த ஆயிரம் வாய்க்கால்கள்; வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னும் ஜிப்சத் தகடுகள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. குனிந்தால் போதும், சிப்பி கிடைக்கும்.

அந்தக் கடலின் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காக 1860களில் பிரித்தவர் பிளான்ஃபோர்டு. அவற்றிலிருந்த பிராணிகளை ஒவ்வொன்றாக வர்ணித்துப் பெரிய பெரிய புத்தகங்களாக எழுதினவர் ஸ்டோலிஸ்கா என்பவர். மொராவியா தேசத்துக்காரர். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு நம் திருச்சிச் சீமைச் சிப்பிகளைப்பற்றி எழுதியவர், 1874-ல் மத்திய ஆசியாவிலிருந்து திரும்பும் வழியில் மலைமேல் மூச்சுத் திணறி இறந்துபோனார். லே நகரத்தில் சமாதி இருக்கிறது. வயது 36. ஒரு நாவலாசிரியனாக நான் இந்த மனிதரைப்பற்றி ஏன் இதுவரை எழுதவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்வதுண்டு. காரணம் இந்தக் கட்டுரையில் இருக்கிறது.

களத்தில் எங்களுக்குச் சுத்தியல், உளி, லென்ஸ், சாய்வளவு பார்க்கும் காம்பஸ், சிறு புட்டியில் ஆசிட், நிலப்படம், குறிப்பேடு. கல்லில் ஒரு சொட்டு ஆசிட் விட்டால் பொங்குகிறதா என்று பார்ப்போம், பொங்கினால் சுண்ணாம்புக்கல். மண்ணைப் பல்லால் கடித்துப் பார்ப்பதும் உண்டு. நறநறவென்றால் வண்டல், வெண்ணெய்போல் இருந்தால் களி. இதைப் பார்த்த ஆடு மேய்க்கும் ஆச்சி ஒருத்தி, "மாசமா இருக்கிற பொம்பளைதான் மண்ணு திம்பா, உங்களுக்கு என்னப்பா கேடு?" என்றாள்.

எடுத்த ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்திலேயே எண்ணிட்டு, காகிதத்தில் சுற்றி, இடத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எங்கள் பேராசிரியர் வேறு எதற்குக் கோபித்தாலும் கோபிக்காவிட்டாலும் இதில் தவறினால் மன்னிக்கமாட்டார். பத்தாவது நாள் நான் தவறினேன். வெயில், பசி, பையில் முப்பது கற்கள். இருட்டுகிற நேரத்தில் ஓர் ஓடையில் இந்த அம்மோனைட்டைக் கண்டேன். ஆனந்தத்தில் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து எழுதப் பார்த்தால், அன்று கடந்த ஐந்து ஓடைகளில் அது எந்த ஓடை என்று நினைவில்லை.

தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் அன்றைய கற்களில் அழகானது எதற்கும் பயன்படாது. கருடமங்கலத்துப் பாதையில் ஓர் ஓடையை உத்தேசமாகக் குறித்தேன். வெறும் ஓடை என்றால் நம்பும்படி இல்லை என்று பட்டது. "ஒற்றைப் பனைக்குத் தென்கிழக்கே முந்நூறு அடி, ஓடையின் இடது கரை" என்று எழுதினேன். பனை எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டாம். அந்த வாக்கியத்துக்கு ஒரு பனை தேவைப்பட்டது.

கல் எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் ஏறியது. 'என்னிடம் ஆராய்ச்சிக்கு வா' என்று பேராசிரியர் சொல்கிற அளவுக்கு எனக்கு மதிப்பும் ஏறியது.

மறுவருஷம் என் அறைத்தோழன் ஆய்வேட்டுக்காக எடுத்துக்கொண்டது அதே பிரதேசம். ஊட்டத்தூர் அடுக்கு எங்கே முடிகிறது, அதற்கு மேலே திருச்சிராப்பள்ளி அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடவேண்டும். அடுக்குகள் கிழக்கே சரிந்தவை. கிழக்கே போகப் போக இளையவை. என் அம்மோனைட் ஊட்டத்தூர்ச் சாதி. அது நான் எழுதிய இடத்தில் கிடைத்தது என்றால் கோடு கிழக்கே தள்ளிப் போயாக வேண்டும். அவன் மண்ணைப் பார்த்தால் வேறு சொல்கிறது. மண்ணை நம்புவதா, நண்பனை நம்புவதா? நண்பனை நம்பி, "வா, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டான்.

இரண்டு நாள் அந்தப் பனையைத் தேடினோம். அவன் தேடினான்; நான் கூடப் போனேன். இரண்டாம் நாள் பிற்பகல் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் விசாரித்தான்.

"ஒத்தப் பனையா? இருந்துச்சு தம்பி. போன வருசந்தான் வெட்டினாக. அந்தா, அந்த வரப்போரம்."

எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்தப் பெரியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் அலைகிற பிள்ளைகள், இல்லையென்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அல்லது எங்கோ ஒரு பனை உண்மையிலேயே வெட்டப்பட்டிருக்கும். பனை இல்லாத ஊர் ஏது? தோழன் மகிழ்ந்துபோனான். வரப்போரமாக நின்று முந்நூறு அடி அளந்தான். குறிப்பேட்டில் 'பனை பின்னர் வெட்டப்பட்டது' என்று எழுதினான். நான் கண்டுபிடித்த மரத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது, மரணக்குறிப்பும் கிடைத்துவிட்டது.

அன்று இரவு அவன் பென்சிலால் போட்டிருந்த கோட்டின்மேல் இந்திய மை ஏற்ற உட்கார்ந்தான். பேனாவைத் தொட்டு எடுக்கிற சமயத்தில் சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பேனாவைத் துடைத்தான். ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தான். அழித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

அந்தப் பகுதி முழுவதும் மறுபடி நடந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆய்வேட்டை ஆறு வாரம் தாமதமாகக் கொடுத்தான்; அதற்குள் அவன் எதிர்பார்த்திருந்த ஓர் உதவித்தொகை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் பேராசிரியரிடம் போனேன். முழுவதும் கேட்டார். எழுந்து அலமாரியைத் திறந்தார். கல்லின்மேல் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்த எண்ணைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தார். துளைத் தட்டி என் கையில் கொடுத்தார்.

"இது இனிமேல் உன்னுடையது. இங்கே வேண்டாம்" என்றார்.

ஆராய்ச்சிக்கு வா என்று அவர் மறுபடி சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தோழன் பின்னாளில் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, மலை மலையாய் நடந்தான். எனக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் தேதிக்குக் கீழே ஊர்ப்பெயரோடு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எழுதுவான். என் முதல் நாவல் வெளிவந்தபோது, "இதிலுள்ள மரங்கள் நன்றாக இருக்கின்றன" என்று ஒரு கார்டு போட்டான்.

இத்தனையையும் பேத்தியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் கைபேசியை எடுத்துக் காட்டினாள். இப்போது படம் பிடித்தாலே இடம் தானாகப் பதிந்துவிடுகிறதாம். அவள் ஆராய்வது கடலடி மண்ணில் கிடக்கும் ஃபோராமினிஃபெரா என்னும் மணல்பருமன் ஓடுகள். களிமண்ணைச் சல்லடையில் அலசி, மைக்ராஸ்கோப்பின்கீழ், ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள். அந்த ஓட்டிலுள்ள பிராணவாயுவின் கனமான அணுவும் லேசான அணுவும் எந்த விகிதம் என்று அளந்தால், அந்தக் கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்லலாமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்?

மறுபடி கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தாத்தா, இந்தச் சுருள் மடிப்பிலே இன்னும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கு. இதுக்குள்ளே என் பூச்சிங்க இருந்தா, எந்த ஓடைன்னு சொல்ல முடியாது. ஆனா எந்த அடுக்குன்னு சொல்லிடலாம். சுரண்டட்டுமா?"

குண்டூசி கேட்டாள். கொடுத்தேன். ஒரு சிட்டிகை சாம்பல்நிற மண் காகிதத்தில் விழுந்தது. மருந்துப் பொட்டலம்போல் மடித்தாள். பேனாவைத் திறந்து, பொட்டலத்தின்மேல் தேதியைப் போட்டாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இடம்னு என்ன எழுதறது, தாத்தா?"

"தெரியாது என்று எழுது" என்றேன்.

எழுதினாள்.